மலிவான பங்கா, மதிப்புள்ள பங்கா?

(சிறு நிறுவனப் பங்குகள் குறித்துத் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தேக்கா சந்தையில் கத்தரிக்காய் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் இல்லத்தரசிகள் உடனே பையை நீட்டிவிடுவதில்லை. காயைக் கையில் எடுத்து, காம்பைப் பார்த்து, திருப்பிப் பார்த்து, சொத்தை இல்லை என்று தெரிந்த பிறகுதான் எடை போடச் சொல்கிறார்கள். இரண்டு வெள்ளி காய்க்குக் காட்டும் இந்தக் கவனத்தை, இருபதாயிரம் வெள்ளிக்குப் பங்கு வாங்கும்போது பலர் காட்டுவதில்லை. "ஒரு வெள்ளிக்கு விற்ற பங்கு இப்போது இருபது காசு" என்று நண்பர் சொன்னால் போதும். அதுவே வாங்குவதற்குக் காரணமாகிவிடுகிறது.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்றார்கள் பெரியவர்கள். சிறு நிறுவனங்களின் மலிவு விலைப் பங்குகளை எதைக் கொண்டு அளப்பது என்பதே இன்றைய தலைப்பு. அளவுகோல் எங்கோ ஒளிந்திருக்கவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் வெளியிடும் ஆண்டறிக்கையில்தான் இருக்கிறது.

மலிவு என்பது எது?

முதலில் ஒரு தெளிவு வேண்டும். பங்கு விலை இருபது காசு என்பதால் அது மலிவு ஆகிவிடாது. பத்து வெள்ளிப் பங்கு மலிவாக இருக்கலாம்; ஐந்து காசுப் பங்கு மிக அதிக விலையாக இருக்கலாம். விலையை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதே கேள்வி.

ஒரு நிறுவனத்தின் எல்லாச் சொத்துகளிலிருந்தும் எல்லாக் கடன்களையும் கழித்து, மிஞ்சுவதைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது ஒரு பங்கின் புத்தக மதிப்பு. அது 40 காசு, சந்தையில் விலை 20 காசு என்றால், ஒரு வெள்ளி சொத்து ஐம்பது காசுக்குக் கிடைப்பதாகக் கணக்கு சொல்கிறது. இத்தகைய பங்குகளையே மதிப்புப் பங்குகள் என்கிறார்கள். பெஞ்சமின் கிரகாம், டேவிட் டாட் என்ற இரு அமெரிக்கர்கள் 1934ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலிருந்து இந்த முறைக்கு நீண்ட வரலாறு உண்டு.

ஆனால் சந்தை ஏன் பாதி விலைக்குத் தருகிறது? இரண்டு காரணங்கள் இருக்கலாம். அந்தச் சிறிய நிறுவனத்தை யாரும் கவனிக்காமல் இருக்கலாம். அல்லது, கவனித்தவர்கள் உள்ளே இருக்கும் சொத்தையைப் பார்த்துவிட்டு விலகியிருக்கலாம். முதல் வகை வாய்ப்பு. இரண்டாவது வகை பொறி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

ஒரு பேராசிரியரின் ஆய்வு

இந்த இரண்டையும் பிரித்தறிய முடியுமா என்று ஆராய்ந்தவர் ஜோசப் பியோட்ரோஸ்கி. அப்போது அவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பேராசிரியர். 1976 முதல் 1996 வரையிலான அமெரிக்கப் பங்குகளில், புத்தக மதிப்போடு ஒப்பிடும்போது விலை மிகவும் குறைந்திருந்த ஐந்தில் ஒரு பகுதியை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது.

அவர் கண்ட முதல் உண்மை பலருக்கு அதிர்ச்சி தரும். அந்த மலிவுப் பங்குகளில் 44 விழுக்காட்டுக்கும் குறைவானவையே அடுத்த ஈராண்டுகளில் சந்தை சராசரியை மிஞ்சின. அதாவது, மலிவு என்பதற்காக மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பங்கை எடுத்தால், அது ஏமாற்றுவதற்கே வாய்ப்பு அதிகம். ஒரு சில பங்குகள் பெரிதாக ஏறியதால்தான் மொத்த சராசரி நன்றாகத் தெரிந்தது.

இரண்டாவது உண்மை நம்பிக்கை தருவது. ஆண்டறிக்கையிலிருந்து ஒன்பது எளிய கேள்விகளைக் கேட்டு, நிதிநிலை வலுவான நிறுவனங்களை மட்டும் பொறுக்கியெடுத்தபோது, ஆண்டு வருமானம் குறைந்தது 7.5 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடியது. அதிலும் இந்தப் பலன் சிறிய, நடுத்தர நிறுவனங்களிலும், ஆய்வாளர்கள் யாரும் எழுதாத நிறுவனங்களிலுமே அதிகமாக இருந்தது.

காரணம் எளிது. பெரிய வங்கிப் பங்குகளைப் பற்றி நாள்தோறும் பலர் எழுதுகிறார்கள். அங்கே புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. சிறு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை முழுதாகப் படிப்பவர் மிகச் சிலர். அங்கே படிப்பவரின் உழைப்புக்குக் கூலி உண்டு. அமெரிக்காவில் அன்று நடந்தது சிங்கப்பூரில் நாளை அப்படியே நடக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. ஆனால் கேள்விகள் எந்த நாட்டு நிறுவனத்துக்கும் பொருந்தும்.

ஒன்பது கேள்விகள்

கேள்விகள் மூன்று பிரிவாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் "ஆம்" என்றால் ஒரு புள்ளி, "இல்லை" என்றால் சுழியம்.

முதல் பிரிவு, சம்பாத்தியம் பற்றியது. ஒன்று, நிறுவனம் லாபம் ஈட்டியதா? இரண்டு, அன்றாட வணிகத்திலிருந்து ரொக்கம் உள்ளே வந்ததா? மூன்று, மொத்தச் சொத்தோடு ஒப்பிட்டால் லாப விகிதம் சென்ற ஆண்டைவிட உயர்ந்ததா? நான்கு, வணிகத்தில் வந்த ரொக்கம், கணக்கில் காட்டிய லாபத்தைவிட அதிகமா?

இரண்டாம் பிரிவு, தாங்கும் சக்தி பற்றியது. ஐந்து, சொத்தோடு ஒப்பிட்டால் நீண்டகாலக் கடன் குறைந்ததா? ஆறு, ஓராண்டுக்குள் கையில் வரக்கூடிய சொத்துக்கும் ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய கடனுக்கும் உள்ள விகிதம் மேம்பட்டதா? ஏழு, புதிய பங்குகளை வெளியிடாமல் நிறுவனம் ஆண்டை ஓட்டியதா?

மூன்றாம் பிரிவு, தொழில் திறன் பற்றியது. எட்டு, விற்பனையில் மொத்த லாப விகிதம் உயர்ந்ததா? ஒன்பது, ஒவ்வொரு வெள்ளி சொத்துக்கும் கிடைத்த விற்பனை கூடியதா?

எட்டு, ஒன்பது புள்ளிகள் வாங்கும் நிறுவனம் வலுவானது. சுழியமோ ஒன்றோ வாங்கினால் விலகி நிற்பதே நல்லது. இடையில் இருப்பவற்றை இன்னும் ஆழமாகப் படிக்க வேண்டும்.

இந்தக் கேள்விகளில் பல, சென்ற ஆண்டோடு இந்த ஆண்டை ஒப்பிடுகின்றன. விலை சரிந்து கிடக்கும் நிறுவனம் பெரும்பாலும் ஏதோ ஒரு சிரமத்தில் இருந்த நிறுவனம். அது நோயிலிருந்து எழுந்து வருகிறதா, மேலும் படுக்கையில் சாய்கிறதா என்பதைத்தான் முதலீட்டாளர் அறிய வேண்டும். அதற்கு ஓர் ஆண்டின் கணக்கு போதாது.

ஓர் எச்சரிக்கை. வங்கிகளுக்கும் காப்புறுதி நிறுவனங்களுக்கும் இந்தக் கேள்விகள் சரியாகப் பொருந்தா. அவற்றின் கணக்கு அமைப்பே வேறு.

இரண்டு நிறுவனங்கள், ஒரே மலிவு

விளங்கிக்கொள்ள இரண்டு கற்பனை நிறுவனங்களை எடுத்துக்கொள்ளலாம்.

முதல் நிறுவனம் இயந்திர உதிரிப் பாகங்கள் செய்கிறது. பங்கு விலை 20 காசு, புத்தக மதிப்பு 40 காசு. 20 கோடி பங்குகள். லாபம் 30 லட்சம் வெள்ளியிலிருந்து 48 லட்சம் வெள்ளியாகியிருக்கிறது. மொத்தச் சொத்து மாறாமல் 12 கோடி வெள்ளி. ஆகவே சொத்தின் மீதான லாபம் 2.5 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகிறது. வணிகத்திலிருந்து வந்த ரொக்கம் 90 லட்சம் வெள்ளி. நீண்டகாலக் கடன் 2 கோடியிலிருந்து 1.4 கோடியாகக் குறைந்துள்ளது. விற்பனை 9 கோடியிலிருந்து 9.6 கோடி. மொத்த லாப விகிதம் 18லிருந்து 21 விழுக்காடு. குறுகியகாலச் சொத்து, கடன் விகிதம் 1.4லிருந்து 1.6. புதிய பங்கு எதுவும் வெளியிடவில்லை. ஒன்பதுக்கு ஒன்பது.

இரண்டாவது நிறுவனம் கட்டுமானச் சாதனங்கள் விற்கிறது. பங்கு விலை 18 காசு, புத்தக மதிப்பு 35 காசு. இதுவும் ஏறக்குறைய பாதி விலைதான். லாபம் 50 லட்சத்திலிருந்து 60 லட்சம் வெள்ளி. "லாபம் 20 விழுக்காடு உயர்வு" என்று தலைப்புச் செய்தி போடலாம். முதல் நிறுவனத்தைவிட லாபத் தொகையும் அதிகம். பலர் இதைத்தான் வாங்குவார்கள்.

இப்போது உள்ளே பார்ப்போம். விற்பனை 6 கோடியிலிருந்து 6.6 கோடி, பத்து விழுக்காடு உயர்வு. ஆனால் வாடிக்கையாளர்கள் தர வேண்டிய பாக்கி 2 கோடியிலிருந்து 3.6 கோடியாகிவிட்டது, எண்பது விழுக்காடு உயர்வு. சரக்கு போய்விட்டது, பணம் வரவில்லை. அதனால் வணிகத்திலிருந்து ரொக்கம் வருவதற்குப் பதிலாக 40 லட்சம் வெள்ளி வெளியே போயிருக்கிறது. பள்ளத்தை நிரப்ப நீண்டகாலக் கடன் ஒரு கோடியிலிருந்து 2 கோடியாக உயர்ந்தது. 5 கோடி புதிய பங்குகளைப் புத்தக மதிப்பில் ஏறக்குறைய பாதி விலைக்கு விற்றார்கள். பழைய பங்குதாரரின் பங்கு அந்த அளவுக்கு நீர்த்துப்போனது. மொத்தச் சொத்து 11 கோடியிலிருந்து 14 கோடியானதால், சொத்தின் மீதான லாபம் 4.5லிருந்து 4.3 விழுக்காடாக இறங்கியது. ஒரு வெள்ளி சொத்துக்குக் கிடைத்த விற்பனையும் 55 காசிலிருந்து 47 காசானது. மொத்த லாப விகிதம் 22லிருந்து 20 விழுக்காடு. குறுகியகால விகிதம் 1.5லிருந்து 1.3.

லாபம் ஈட்டியது என்ற முதல் கேள்விக்கு மட்டும் ஒரு புள்ளி. மற்ற எட்டும் சுழியம்.

இரண்டு பங்குகளும் பாதி விலை. ஒன்று நல்ல காய், மற்றது சொத்தை. வேறுபாட்டைக் காட்டியது தலைப்புச் செய்தியில் இருந்த லாபம் அன்று. பின்பக்கங்களில் இருந்த ரொக்கப் புழக்க அறிக்கை. கையில் உள்ள நேரத்தில் ஒரே ஒரு பக்கத்தை மட்டுமே படிக்க முடியும் என்றால், அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும்.

கணக்கே பொய்யாக இருந்தால்?

ஒன்பது கேள்விகளும் ஒன்றை நம்பி நிற்கின்றன: கணக்கு உண்மையானது என்பதை. சிங்கப்பூர் முதலீட்டாளர்கள் இந்த நம்பிக்கைக்கு அதிக விலை கொடுத்திருக்கிறார்கள்.

சீனாவில் தொழில் நடத்தி, சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்களை எஸ்-சிப் என்று அழைப்பார்கள். 2000ஆம் ஆண்டுகளில் அவற்றில் பல, குறைந்த விலை, நிறைந்த ரொக்கம் என்று கண்ணைப் பறித்தன. 2009ஆம் ஆண்டு ஓரியண்டல் செஞ்சுரி என்ற நிறுவனத்தில், விற்பனையும் ரொக்க இருப்பும் மிகைப்படுத்திக் காட்டப்பட்டதாக அதன் தலைமை நிர்வாகியே ஒப்புக்கொண்டார். 2011ஆம் ஆண்டு சைனா ஹோங்சிங் என்ற காலணி நிறுவனத்தின் ரொக்கக் கணக்கில் முறைகேடு இருப்பதாகத் தணிக்கையாளர்கள் எச்சரித்தபோது பங்கு வணிகம் நிறுத்தப்பட்டது. பணத்தைப் போட்டவர்கள் வெளியே வர வழியின்றித் தவித்தார்கள்.

சாதாரண முதலீட்டாளரால் வங்கிக்குப் போய் நிறுவனத்தின் கணக்கைச் சரிபார்க்க முடியாது. ஆனால் சில சோதனைகள் வீட்டிலிருந்தே செய்யக்கூடியவை.

ஒன்று, வட்டி. நிறுவனத்திடம் 10 கோடி வெள்ளி ரொக்கம் இருக்கிறது என்றால், அதற்கேற்ற வட்டி வருமானம் கணக்கில் தெரிய வேண்டும். வங்கிகள் இரண்டு விழுக்காடு வட்டி தரும் காலத்தில் ஆண்டு வட்டி சில ஆயிரம் வெள்ளி மட்டுமே என்றால், அந்தப் பணம் ஆண்டு முழுவதும் அங்கே இருந்ததா என்று கேட்க வேண்டும்.

இரண்டு, கடன். கைநிறைய ரொக்கம் வைத்திருப்பவர் ஏன் அதிக வட்டிக்குக் கடன் வாங்குகிறார்? ஏன் மீண்டும் மீண்டும் புதிய பங்கு விற்கிறார்?

மூன்று, ஈவுத்தொகை. லாபத்தைத் தாளில் எழுதிவிடலாம். ஆனால் பங்குதாரரின் வங்கிக் கணக்கில் போட உண்மையான பணம் வேண்டும். பல ஆண்டுகள் தவறாமல் ஈவுத்தொகை தந்த நிறுவனம், கடன் வாங்காமலே அதைத் தந்திருந்தால், அது நல்ல சான்று. முதலில் சொன்ன உதிரிப்பாக நிறுவனம் பங்குக்கு ஒரு காசு தருகிறது என்று வைத்துக்கொண்டால், 20 காசு விலைக்கு அது 5 விழுக்காடு.

நான்கு, தணிக்கையாளர் அறிக்கை. தணிக்கையாளர் நிபந்தனையோடு கையெழுத்திட்டிருக்கிறாரா, ஆண்டு நடுவில் விலகிவிட்டாரா, நிதி அதிகாரி அடிக்கடி மாறுகிறாரா என்று பார்க்க வேண்டும்.

ஐந்து, உறவினர் பரிவர்த்தனை. பெரும் பங்குதாரரின் சொந்த நிறுவனங்களோடு நடக்கும் வணிகம் ஆண்டறிக்கையில் தனிப் பகுதியாக வரும். இடது கையில் சம்பாதித்து வலது கைக்குக் கொடுக்கிறார்களா என்பது அங்கே தெரியும்.

2013 அக்டோபர் சொன்ன பாடம்

கணக்கை ஒதுக்கிவிட்டு விலையை மட்டும் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு, 2013ஆம் ஆண்டு அக்டோபர் மாதமே சாட்சி. புளூமோன்ட், ஏஷியாசன்ஸ், லயன்கோல்ட் என்ற மூன்று நிறுவனங்களின் பங்குகள் அந்த ஆண்டில் ஏறியிருந்தன. அக்டோபர் தொடக்கத்தில் சில நாட்களுக்குள் சரிந்தன. ஏறத்தாழ 8 பில்லியன் வெள்ளி சந்தை மதிப்பு கரைந்தது.

பின்னர் நடந்த வழக்கில், 189 வணிகக் கணக்குகளைப் பயன்படுத்தி விலை செயற்கையாக ஏற்றப்பட்டது அம்பலமானது. 2022ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் இருவரைக் குற்றவாளிகள் என்று தீர்மானித்து, ஒருவருக்கு 36 ஆண்டும் மற்றவருக்கு 20 ஆண்டும் சிறைத்தண்டனை விதித்தது. சட்டம் தன் கடமையைச் செய்தது. ஆனால் சரிவுக்கும் தீர்ப்புக்கும் இடையே எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. ஓய்வுக்காலச் சேமிப்பை அதில் போட்டவருக்கு அந்தத் தீர்ப்பு பணத்தைத் திருப்பித் தராது.

விலை ஏறுகிறது என்பது நிறுவனத்தைப் பற்றிய செய்தி அன்று. அந்த விலையைத் தாங்கும் லாபமும் சொத்தும் ரொக்கமும் இருக்கின்றனவா என்ற கேள்வியை, ஏறும் காலத்திலேயே கேட்க வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

நல்ல நிறுவனத்தைக் கண்டுபிடித்த பிறகும் சில நடைமுறைச் சிக்கல்கள் உண்டு.

சிறு நிறுவனப் பங்குகள் சில நாட்களில் விற்பனையே ஆகாது. 20 காசு விலையில் சந்தை அனுமதிக்கும் மிகச் சிறிய விலை ஏற்றம் அரைக் காசு. அதுவே 2.5 விழுக்காடு. மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்கு ஓராண்டு முழுவதற்கும் தரும் குறைந்தபட்ச வட்டியும் அதே 2.5 விழுக்காடுதான். அவசரத்தில் ஒரு படி மேலே வாங்கினால் ஓராண்டு வட்டி போய்விடுகிறது. குறைந்தபட்சத் தரகுக் கட்டணம் 25 வெள்ளி என்றால், 500 வெள்ளிக்கு வாங்குபவர் தொடக்கத்திலேயே 5 விழுக்காட்டை இழக்கிறார். ஆகவே சில மாதங்களில் தேவைப்படும் பணத்தை இங்கே போடக் கூடாது. பிள்ளையின் கல்விக் கட்டணமும் வீட்டுத் தவணையும் இதற்கான பணம் அல்ல.

பெரும் பங்குதாரர் மனம் வைத்தால் மட்டுமே மதிப்பு வெளிப்படும் நிறுவனங்களும் உண்டு. நிலமும் கட்டடமும் நிறைய இருக்கும். ஆனால் குடும்பம் விற்காது, ஈவும் தராது. அத்தகைய பங்கு பத்தாண்டு மலிவாகவே கிடக்கலாம். சிறு பங்குதாரர்களிடம் அந்த நிர்வாகம் கடந்த காலத்தில் எப்படி நடந்துகொண்டது என்று பார்ப்பது, கணக்கைப் பார்ப்பதைப் போலவே முக்கியம்.

மேலும், ஒன்பது புள்ளி வாங்கிய நிறுவனமும் தோற்கலாம். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் விலகினால் அடுத்த ஆண்டு கணக்கு மாறிவிடும். இந்த முறை பல பங்குகளின் கூட்டத்தில் வேலை செய்வது. ஒரே பங்கில் எல்லாவற்றையும் போட்டவருக்கு உத்தரவாதம் தருவதன்று. கிரகாமும் பல பங்குகளில் பிரித்துப் போடுவதையே வலியுறுத்தினார்.

ஒரு மாலைப் பொழுது போதும்

ஆண்டறிக்கைகள் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நிதியாண்டு முடிந்து 60 நாட்களுக்குள் முழு ஆண்டு முடிவுகளை நிறுவனங்கள் அறிவிக்க வேண்டும். கட்டாயக் காலாண்டு அறிக்கை முறை 2020ஆம் ஆண்டு பெரும்பாலான நிறுவனங்களுக்கு நீக்கப்பட்டது. கணக்கைப் பார்க்கும் வாய்ப்பு குறைந்துவிட்டதால், கிடைக்கும் அறிக்கையை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு தாள், ஒரு பேனா, ஒரு கணக்குப்பொறி. இரண்டு ஆண்டுகளின் எண்களைப் பக்கம் பக்கமாக எழுதி, ஒன்பது கேள்விகளைக் கேட்டால் ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் பங்குகளிலிருந்தே தொடங்கலாம். வாங்கிய விலை என்ன என்பதை அந்தத் தாளில் எழுத வேண்டியதில்லை. நிறுவனத்துக்கு அது தெரியாது. அதன் உடல்நிலை அதைப் பொறுத்ததும் இல்லை. இரண்டு புள்ளி வாங்கும் நிறுவனத்தை "போட்ட விலை வரட்டும்" என்று ஐந்தாண்டு வைத்திருப்பது, சொத்தைக் கத்தரிக்காயைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதற்குச் சமம்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போகும் சிறு பங்குதாரர் பலர், சிற்றுண்டிப் பொட்டலத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை எழுந்து நின்று, "வாடிக்கையாளர் பாக்கி ஏன் விற்பனையைவிட வேகமாக உயர்ந்தது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். பதில் எப்படி வருகிறது என்பதிலேயே அந்த நிர்வாகத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.